மாப்ளே, லோகோ வந்துருச்சா?

மாப்ளே, உன் சேவுக் கடைக்கு லோகோ வரையச் சொல்லி மெட்ராஸ்ல ஒரு டிசைன் ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கட்டிட்டியாமே! உங்கம்மா சொன்னா, உங்கத்தை சொன்னா, டீக்கடையில கூடச் சொன்னாங்க. ரொம்பச் சந்தோஷம். சேவு இன்னும் பதத்துக்கு வரல, கடைக்கு இன்னும் கதவு மாட்டல, ஆனா முகம் மட்டும் முந்திக்கிட்டு வரப்போகுது. நல்லது, நல்லது. தாய்மாமன்ங்கிற உரிமையில நாலு வார்த்தை சொல்லலாமா? வேண்டாம்னாலும் சொல்லத்தான் போறேன்.

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு நீ கேப்பே. சிவகாசி அச்சாபீஸ்ல தீப்பெட்டி லேபிள் அடிச்சே தலை நரைச்ச ஆளு நான். போதாததுக்கு என் பேத்தி அகமதாபாத் என்.ஐ.டி.யில டிசைன் படிக்கிறா. லீவுக்கு வந்தா பிராண்டு, பிராண்டுன்னு எனக்குப் பாடம் எடுப்பா. வெத்தலையை மென்னுக்கிட்டே நான் கேட்டதெல்லாம் இப்ப உனக்குச் செலவில்லாம வருது. வாங்கிக்க.

அந்த ஸ்டுடியோப் பிள்ளைங்க மொத வாரமே நாலு பக்கத்துக்குக் கேள்வி அனுப்பிட்டாங்கன்னு குதிச்சியாமே. "படம் வரையச் சொன்னா வாக்குமூலம் வாங்குறாங்க"ன்னு. ஒண்ணுமே கேக்காம மறுநாளே படத்தோட வந்து ஒருத்தன் நின்னா, அவனைக் கண்டுதாம்ப்பா பயப்படணும். வேற எவனுக்கோ வரைஞ்சு விலைபோகாததை உன் தலையில கட்டப்பாக்குறான். உன் சேவை யாரு வாங்குவா, வீட்டுக்கு வாங்குவாளா, ஊருக்குப் போறப்ப வாங்குவாளா, நாளைக்கே நீ கடையை மூடிட்டா யாரு தேடி வருவா, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் அவங்க பென்சிலைத் தொட முடியும். கடைசிக் கேள்விக்கு நீ "எல்லாரும்"னு எழுதிருக்கியாம். கடையே இன்னும் தொறக்கலையேடா!

1915-ல கோகோ கோலாக்காரனுக்கு ஒரு தலைவலி. ஊரெல்லாம் போலிச் சரக்கு, பாட்டில் பூரா ஒண்ணுபோல ஒண்ணு. கண்ணாடி ஆலைக்காரங்ககிட்ட அவன் கேட்டது ஒரே ஒரு காரியம். இருட்டுல தடவினாலும் தெரியணும், ஒடஞ்சு தரையில கெடந்தாலும் இன்ன பாட்டில்னு தெரியணும். அமெரிக்காவுல இண்டியானா மாகாணத்து ரூட் கிளாஸ் கம்பெனி அதுக்குன்னு வளைஞ்சு நெளிஞ்ச ஒரு பாட்டிலைச் செஞ்சு குடுத்துச்சு. நூறு வருஷம் தாண்டியும் அது நிக்குது. நீ கேட்டது என்ன? "மாடர்னா இருக்கணும், பாரம்பரியமாவும் இருக்கணும், பாக்க ரிச்சா இருக்கணும், வெலை கம்மின்னு தோணணும், செவப்பு வேணும், ஆனா செவப்பாத் தெரியக்கூடாது." இதுக்குச் சாமியே எறங்கி வந்தாலும் திருநீறு பூசிட்டுப் போகுமே தவிர லோகோ வரையாது.

அடுத்து என்ன செய்வாங்க தெரியுமா? போட்டிக் கடை பாக்கெட்டை எல்லாம் வாங்கிச் செவுத்துல வரிசையா ஒட்டுவாங்க. உள்ள இருக்கிறதைத் தின்னும் பாப்பாங்க, அது வேற. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நீயே ஒரு நடை போயிட்டு வா. பாக்கிற போர்டுல எல்லாம் "ஒரிஜினல்". இத்தனை ஒரிஜினலும் ஒரே தெருவுல இருந்தா டூப்ளிகேட்டு எங்கதாம்ப்பா விக்குது? பாக்கெட்டைப் பாத்தா செவப்பும் மஞ்சளும், வட்டத்துக்குள்ள ஒரு தாத்தா, தாத்தாவுக்குக் கீழ ரெண்டு மொளகா. அந்த வரிசையில உன் பாக்கெட்டையும் ஒட்டிட்டுப் பத்தடி தள்ளி நின்னு பாரு. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தா அந்தப் பாக்கெட்டு தேறாது. எல்லாரும் நிக்காத எடம் எதுன்னு பாத்து உன்னைக் கொண்டுபோய் நிறுத்துறதுதான் ஸ்டுடியோ வேலை. கரியும் சாம்பலும் வச்சுப் பல்லு தேச்ச சனத்துக்கு மதுரை கோபால் பல்பொடிக்காரன் ரோஸ் கலர்ல பொடி குடுத்தான். இன்னைக்கும் அந்த ரோஸைப் பாத்தா பேரைப் படிக்க வேண்டியதில்ல. நீயோ, "வித்தியாசமா இருக்கணும் மாமா, ஆனா அவங்களை மாதிரியே இருக்கணும்"ங்கிறே. உன்னைப் பெத்தவளைச் சொல்லணும்.

இது என்னமோ நேத்து மொளச்ச வித்தைன்னு நெனைக்காதே. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயித் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்தா லேபிள் வேணும், லேபிள் வேணும்னா அச்சாபீஸ் வேணும். சிவகாசி அச்சு ஊரானது அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாத சனம் படத்தைச் சொல்லித்தான் பெட்டி கேக்கும். "கப்பல் குடு"ன்னா அந்தப் பெட்டிதான், வேறெது குடுத்தாலும் வாங்காது. அதனால ஒரு படம் நல்லா ஓடுச்சுன்னா போதும், அதே கலரு, அதே வளைவு, ஒரே ஒரு எழுத்து மாத்தம்னு இன்னொருத்தன் வந்து நிப்பான். எங்க அச்சாபீஸுக்கே, "அந்த லேபிள் மாதிரி, ஆனா கேஸ் வராத மாதிரி"ன்னு கேட்டு வந்தவங்க உண்டு. நீ அந்த வம்சம்தான்.

சீமையிலயும் இதே கதைதான். அங்க முத்திரைகளைப் பதிவு செய்ய ஆரம்பிச்சது 1876 சனவரி 1-ஆம் தேதி. மொத முத்திரை பாஸ் பீர்க்காரனோட செவப்பு முக்கோணம். ஒரு முக்கோணம், ஒரு கலரு, அவ்வளவுதான் சமாச்சாரம். மான்செஸ்டர் மில்லுக்காரன் அதைவிடக் கெட்டிக்காரன். நம்ம சாமி படத்தைக் கலர்ல அச்சடிச்சு, துணிக்கட்டுல ஒட்டி, நமக்கே வித்தான். வாங்குறவன் யாரைக் கும்பிடுறான்னு தெரிஞ்சுக்கிட்டு அவன் யாவாரம் பண்ணான். பிள்ளைங்க நாலு பக்கத்துக்குக் கேக்கிற கேள்வியும் அதுதான்.

பத்து மாதிரி போட்டுக் காட்டுங்கன்னு நீ மெயில் அனுப்பியிருக்கியாம். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் அந்த ஆசை வந்துச்சு. ஆப்பிளை விட்டு வெளிய வந்து நெக்ஸ்ட்டுன்னு கம்பெனி தொடங்குனவரு, 1986-ல பால் ராண்டுங்கிற பெரியவர்கிட்டப் போனாரு. ஐ.பி.எம்.முக்கு முத்திரை வரைஞ்ச கை அது. நாலஞ்சு மாதிரி காட்டுவீங்களான்னு கேட்டாரு ஜாப்ஸ். முடியாது, உங்க பிரச்சினைக்கு நான் ஒரு தீர்வு தருவேன், நீங்க காசு தருவீங்க, அதைப் பயன்படுத்துறதும் விடுறதும் உங்க இஷ்டம்னுட்டாரு ராண்டு. ஜாப்ஸே பின்னால சொன்ன கதை இது. கூலி ஒரு லட்சம் டாலர். ஏன் அப்படி வரைஞ்சேன்னு ஒரு புத்தகமே போட்டுக் குடுத்தாரு. ஜாப்ஸ் அதையே எடுத்துக்கிட்டாரு. உன் ஸ்டுடியோ ராண்டு இல்லதான், ரெண்டு மூணு காட்டுவாங்க. ஆனா நீயும் ஜாப்ஸ் இல்லைங்கிறதை மறந்துராதே.

காட்டுன மூணையும் நீ என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போடுவே. உன் கொழுந்தியா மாப்பிள்ளை மொதப் படத்துத் தலையையும் ரெண்டாவது படத்து வாலையும் சேக்கச் சொல்லுவாரு. உங்கம்மா ஓரத்துல ஒரு குத்துவிளக்கு கேப்பா. எண்கணித ஜோசியர் பேர்ல ரெண்டு 'ஏ' கூட்டுனா கோடி கொட்டும்பாரு. ராசிக்கு மஞ்சள் ஆகாதுன்னு இன்னொருத்தர் வருவாரு. எல்லாரையும் திருப்திப்படுத்தி முடிச்சதும் பாத்தா, அந்தச் செவுத்துல ஏற்கெனவே ஒட்டியிருந்த பாக்கெட்டுல பதினோராவதா ஒண்ணு ஒன் கையில இருக்கும். முடிவெடுக்க ஒரு ஆளு போதும் மாப்ளே. அந்த ஆளு நீயா, உன் சம்சாரமான்னு மட்டும் வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்க. யாருன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

"ரெண்டு கோடு இழுக்க இவ்வளவு காசா"ன்னு பொருமுறியாமே. 1971-ல கரோலின் டேவிட்சன்ங்கிற காலேஜுப் பொண்ணு நைக்கிக்கு அந்த வளைகோட்டை வரைஞ்சு வாங்குன கூலி 35 டாலர். அதைப் பிடிச்சுக்கிட்டுப் பேரம் பேசலாம்னு பாக்காதே. கம்பெனி பெருசானதும் 1983-ல அவங்களைக் கூப்பிட்டுப் பங்கு எழுதிக் குடுத்தாங்க. நீ எனக்குப் பழைய பாக்கியே இன்னும் தரல. இன்னொரு கதை கேளு. 1998-ல சிட்டிகார்ப்பும் டிராவலர்ஸும் ஒண்ணாச் சேந்தப்ப, பெண்டகிராம் ஸ்டுடியோவோட பாலா ஷெர் மொதக் கூட்டத்துலயே ஒரு காகிதக் கைத்துண்டுல சிட்டி முத்திரையைக் கிறுக்கிட்டாங்க. டிராவலர்ஸோட சின்னம் செவப்புக் குடை. 'டி' எழுத்தைக் குடைக்காம்பாக்கி, மேல ஒரு வளைவு. சில நிமிஷத்து வேலை. அதுக்கப்புறம் அத்தனை அதிகாரிங்களையும் ஒத்துக்க வைக்க நடந்த கூட்டங்கதான் இழு இழுன்னு இழுத்துச்சு. நீ குடுக்கிற காசுல பாதி கோடு இழுக்கிறதுக்கு. மீதி உன் கொழுந்தியா மாப்பிள்ளைக்குப் பதில் சொல்றதுக்கு.

அதுக்காக ஸ்டுடியோக்காரன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்னு சொல்லல. 2008-ல பெப்சி வட்டத்தை ஆர்னெல் குரூப்புன்னு ஒரு கம்பெனி மாத்தி வரைஞ்சுச்சு. கூடவே 27 பக்கத்துக்கு ஒரு விளக்கம். மறுவருஷம் அது வெளிய கசிஞ்சு உலகமே சிரிச்சுச்சு. மோனலிசா, கிரேக்கத்துக் கோயிலு, பூமியோட ஈர்ப்பு விசை, பிரபஞ்சம் விரியறது எல்லாம் உள்ள இருந்துச்சாம், ஒரு சோடா பாட்டிலுக்கு! உன் ஆளுங்களும் சேவோட வளைவுல பால்வீதி தெரியுதுன்னு ஆரம்பிச்சா, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு சொல்லி எந்திரிச்சு வந்துரு.

விளக்கத்தைக் கேக்காதே, படத்தைச் சோதிச்சுப் பாரு. கலரை எடுத்துட்டுக் கறுப்பு வெள்ளையில பாரு. நகக்கண்ணு அளவுக்குச் சுருக்கிப் பாரு. பில்லு மிஷின் காகிதத்துல அடிச்சுப் பாரு. எண்ணெய் ஊறுன பொட்டலத்துல பாரு. ஓடுற பஸ்ஸுல இருந்து பாரு. அத்தனையிலயும் அடையாளம் தெரிஞ்சா அது தேறும். உன் பேங்க் பாஸ்புக்குல இருக்கே ஸ்டேட் பேங்க் நீல வட்டம், 1971-ல என்.ஐ.டி.யில சேகர் காமத் வரைஞ்சது. கை நாட்டு வைக்கிற கெழவி கூட அந்த வட்டத்தைப் பாத்து பேங்குக்குள்ள போறா. ஃபெடெக்ஸ் எழுத்துக்குள்ள ஒரு அம்பு ஒளிஞ்சிருக்கு, 1994-ல இருந்து. நெறையப் பேரு அதைக் கவனிக்கிறதே இல்ல, கவனிக்காட்டியும் பார்சல் ஊரு போய்ச் சேருது. ஒளிச்சு வைக்கிறது உபரி. மொதப் பார்வைக்குத் தெரியறதுதான் சம்பளம்.

தமிழ் எழுத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதுல எனக்குக் கொஞ்சம் கோவமே உண்டு. இங்கிலீஷ் பேரை வாரக்கணக்குல இழைச்சு இழைச்சு வரைவாங்க. தமிழ்ப் பேரைக் கம்ப்யூட்டர்ல கெடைச்ச ஏதாவது ஃபாண்ட்டுல அடிச்சு, ஓரத்துல ஒதுக்கி வச்சுருவாங்க. உன் சேவு வாங்கப்போறவ தமிழ்லதான் படிக்கிறா. 'சே'வுக்கு முன்னால கொம்பு வந்து நிக்கும், 'வு' அடியில இழுத்துக்கிட்டுப் போகும், அகலமும் கூட. இதையெல்லாம் வச்சு வரைய நேரம் ஆகும், அந்த நேரத்தை நீ மொதல்லயே கேட்டு வாங்கணும். 2010-ல அரசாங்கம் ஏத்துக்கிட்ட ரூபாக் குறியை வரைஞ்ச உதயகுமார் கள்ளக்குறிச்சியில பொறந்தவரு, தமிழ் எழுத்துரு வடிவமைப்புல வேலை பாத்தவரு. எழுத்தோட எலும்பு தெரிஞ்ச கை அது. அப்படி ஒரு கை உன் ஸ்டுடியோவுல இருக்கான்னு விசாரி. இல்லேன்னா, தமிழ் எழுத்துக்கு மட்டும் தனியா ஒரு ஆளைப் போடச் சொல்லு.

லோகோ வந்தா எல்லாம் வந்துருச்சுன்னு மாலை போட்டுக் கொண்டாடாதே. அடையாளத்துல அது ஒரு துண்டு. 1966-ல இருந்து அமுல் வெண்ணெய்க்குப் புள்ளிச் சட்டை போட்ட ஒரு குட்டிப்பொண்ணு. 2002-ல ஏர்டெல்லுக்கு ரகுமான் போட்டுக் குடுத்த ட்யூனு, கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிக்கலாம். உனக்கும் அப்படி எது இருக்குன்னு பாரு. பொட்டலத்தை மடிக்கிற விதமா இருக்கலாம், பூண்டு வாசமா இருக்கலாம். நீ பூசிக்கிற சென்ட்டா மட்டும் இருக்கவேண்டாம்.

நம்ம ஊர்ல பட்டப்பேரு எப்படி வருது? யாரும் தனக்குத் தானே வச்சுக்க முடியாது. ஒருத்தன் விடாம செஞ்சுக்கிட்டே இருக்கிற காரியத்தைப் பாத்து ஊரே வைக்கும், அப்புறம் கெசட்டுல போட்டாலும் மாறாது. பிராண்டும் அந்த வகைதான். அதனாலதான் நல்ல ஸ்டுடியோ லோகோவோட ஒரு தடிப் புத்தகமும் குடுக்கும். இந்தக் கலரு, இந்த எழுத்து, இவ்வளவு எடம் விடணும், இப்படிச் சாய்க்கக் கூடாதுன்னு. அதை நீ தராசுக்கு அடியில முட்டுக் குடுக்க வச்சேன்னு கேள்விப்பட்டேன், வீட்டுப்பக்கம் வராதே. டிராபிகானா ஜூஸ்காரன் 2009-ல ஆரஞ்சுப் பழத்துல குழல் சொருகுன பழைய படத்தை எடுத்துட்டுப் புதுப் பெட்டி போட்டான். வாங்குறவங்களுக்கு அடையாளமே தெரியல. ரெண்டு மாசத்துக்குள்ள விற்பனை அஞ்சுல ஒரு பங்கு விழுந்துருச்சு, ஓடிப்போய்ப் பழைய படத்தையே கொண்டுவந்தான். 2010-ல கேப் துணிக்கடைக்காரன் மாத்துன லோகோவுக்கு ஆயுசு ஒரு வாரம்தான். தெனமும் தன் லோகோவையே பாத்துச் சலிக்கிறது மொதலாளிதான். வாங்குறவன் மாசத்துக்கு ஒருவாட்டி பாக்கிறான், அவனுக்கு எங்க சலிப்பு?

கடைசியா, படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் சட்டிக்குள்ள இருக்கிறதை மறைக்காது. மேல சொன்னேனே பால் ராண்டு, அவரே 1996-ல என்ரானுக்குச் சாஞ்ச 'இ' ஒண்ணு வரைஞ்சு குடுத்தாரு. அருமையான முத்திரை. 2001-ல கம்பெனி கணக்குப் புரட்டுல கவுந்துச்சு. கோடு ஒண்ணும் கோணலில்ல, கணக்குதான் கோணல். நீ கறுத்த எண்ணெயிலயே திரும்பத் திரும்பச் சேவு தேச்சுட்டு, லோகோவுல "தூய்மை"ன்னு எழுதினா ரெண்டு நாள் ஏமாறுவாங்க. பொரிச்ச எண்ணெயில கெட்ட சேர்மானம் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018 சூலை 1-ல இருந்து விதி வச்சிருக்கு. லோகோப் புத்தகத்துக்கு முந்தி அந்த விதியைப் படி.

சட்டத்தையும் கையோட முடிச்சுக்க. பேரை டிரேட்மார்க் பதிவு செய்யத் தனி ஆளுக்கும் சின்னக் கம்பெனிக்கும் ஆன்லைன்ல 4,500 ரூபா, ஒரு வகுப்புக்கு. மொத்தம் 45 வகுப்பு இருக்கு, சேவு எதுல வரும்னு வக்கீலைக் கேளு, ஜோசியரைக் கேக்காதே. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும். "சாத்தூர்"ங்கிற ஊர்ப்பேரை மட்டும் உன்னோடதாக்கிக்க முடியாது, அது ஊருக்குச் சொந்தம். காசு குடுத்ததாலயே படம் உனக்குச் சொந்தம்னும் நெனைக்காதே. பதிப்புரிமையை எனக்கு மாத்திக் குடுத்தாச்சுன்னு ஸ்டுடியோகிட்ட எழுத்துல கையெழுத்து வாங்கு. ஃபாண்ட்டுக்கு லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குன்னும் கேட்டு வச்சுக்க.

இவ்வளவும் கேட்டுட்டு, "அப்ப லோகோ வேண்டாம்ங்கிறீங்களா மாமா"ன்னு மொகத்தைத் தொங்கப் போடாதே. வேணும். நல்ல ஸ்டுடியோ உனக்கு இல்லாத அழகை ஒட்டவைக்காது, இருக்கிற ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கண்ணுக்குத் தெரிய வைக்கும். அது என்னன்னு தெரிய மொதல்ல சேவைச் சரியாத் தேச்சு முடி. முடிவெடுக்க ஒரு ஆளை வை. எடுத்த முடிவைப் பத்து வருஷத்துக்குத் தொடாதே. அந்தப் பிள்ளைங்களுக்குப் பாக்கி வச்சிருக்கிற காசை மட்டும், எனக்குப் பண்ணுற மாதிரி இழுத்தடிக்காம, தீபாவளிக்கு முன்னால அனுப்பிரு.